இருபத்தொன்பது ‘அவர்களே’

முதல் தடவை அவர் பேசிக் காட்டியபோது நான் எண்ணினேன். மொத்தம் இருபத்தொன்பது ‘அவர்களே’. பேச்சு ஆறு நிமிடம் நாற்பது விநாடி. அதில் நான்கு நிமிடம் பத்து விநாடி, இன்னார் அவர்களே, இன்னார் அவர்களே என்று மேடையில் இருக்கப்போகிறவர்களையும் இல்லாதவர்களையும் கூப்பிடுவதிலேயே போயிற்று. எந்த விஷயத்துக்காக அவர் பேசவே ஒப்புக்கொண்டாரோ அந்த விஷயத்துக்குக் கிடைத்தது பதினெட்டு விநாடி. அதுவும் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு.

இது 1991. ஆயுத பூஜைக்குப் பதினொரு நாள் இருந்தது. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் பம்பு மோட்டார் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எழுதுவது என் வேலை. எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளப்பதற்காக ஒரு ஸ்டாப் வாட்சும் கொடுத்திருந்தார்கள். அளக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் அது என் கையில்தான் இருக்கும். குன்றத்தூரில் குடியிருந்தேன். மலைக்கோயில் படிகளை ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை எண்ணுவேன். இரண்டு கணக்கும் ஒன்றாக வந்தால்தான் எனக்கு நிம்மதி.

பேசிக் காட்டியவர், மோட்டாருக்குள் வைக்கிற செப்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றும் பகுதியில் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்தவர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட மூன்று வயது இளையவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். சேரப்பணஞ்சேரி மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஏரியை ஒட்டிய ஒரு கிராமம் அவருடையது. அங்கிருந்து மொத்தம் பதினொரு பெண்கள் எங்கள் தொழிற்சாலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

வந்துகொண்டிருந்தார்கள் என்று எழுதுவது சுலபம். கம்பெனி பஸ் தாம்பரத்தில் புறப்பட்டு, படப்பை வழியாக மெயின் ரோட்டிலேயே வந்துவிடும். முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. சேரப்பணஞ்சேரி நிறுத்தத்துக்கு பஸ் ஐந்து இருபத்தைந்துக்கு வரும். ஒரு நிமிடம் நிற்காது. அதைப் பிடிக்க இந்தப் பெண்கள் நாலரைக்கே கிளம்பி ஏரிக்கரை மண் ரோட்டில் நடக்க வேண்டும். விட்டால் அடுத்த டவுன் பஸ் ஆறேகாலுக்கு. வெயில் காலத்தில் சமாளித்துவிடுவார்கள். மழை பிடித்தால் அந்த ரோடு முழுக்கச் சேறு. முந்தின வருஷம் ஐப்பசியில் அவர்கள் பதினாலு பேர். தை பிறந்தபோது பதினொன்று. மூன்று பேர் நின்றுவிட்டார்கள்.

இந்த வருஷம் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டெம்பரவரி ஆட்கள் ஒரே மாதத்தில் மூன்று நாள் லேட்டாக வந்தால் அடுத்த மாதம் அவர்கள் பெயர் இருக்காது. மழைக்காலத்திலிருந்து அமல். பதினொரு பேரில் பத்துப் பேர் டெம்பரவரி. அக்கா ஒருவர்தான் பெர்மனென்ட். லேட் என்று சிவப்பு மையில் எழுதப்போகிற கை என்னுடையது.

“அவங்க பத்து பேரும் நின்னுட்டா நான் ஒருத்தி எப்டி சார் அந்த இருட்டுல ஏரிக்கரையில வர்றது? நானும் நிக்க வேண்டியதுதான்” என்றார் அக்கா. பதின்மூன்று வருஷ வேலை.

பஸ் உள்ளே வந்து திரும்ப வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் ஃபைலுக்குப் போயின. முடிவு செய்யக்கூடியவர் ஒருவர்தான்: மெட்ராஸில் இருந்த டைரக்டர். அவர் எங்கள் தொழிற்சாலைக்கு வருஷத்தில் ஒரு நாள் வருவார், ஆயுத பூஜைக்கு. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஷெட்டுக்கு வெளியே பந்தல் போட்டு மேடையில் நான்கு பேர் பேசுவார்கள். தொழிலாளர் தரப்பில் ஒருவருக்குத்தான் மைக். அதுவும் கடைசியில், நன்றியுரை. இந்த முறை காயில் பகுதியின் வாய்ப்பு. அக்கா வாங்கிக்கொண்டார்.

என்னிடம் ஏன் வந்தார் என்று கேட்டேன்.

“உங்களாண்டதான் வாட்ச்சு கீது. அஞ்சு நிமிஷம்தான் குடுத்துருக்காங்க. அது மட்டும் இல்ல சார், எங்களுக்கு லேட்டு போடற கை உங்களுது. பேச்சுல தப்பு இருந்தா அதையும் நீங்களே போட்டுடுங்க.”

ஷிப்ட் இரண்டரைக்கு முடியும். பஸ் இரண்டு ஐம்பதுக்குப் புறப்படும். அந்த இருபது நிமிடத்தில் பேக்கிங் அறையில், மரப்பெட்டிகளுக்கு நடுவே, கம்பி தீர்ந்த ஒரு காலி பாபினை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு அக்கா பேசினார். பர்சனல் ஆபீசர் நன்றி சொல்லவேண்டிய பத்தொன்பது பேரின் பட்டியலைக் கொடுத்திருந்தார். யாரையாவது விட்டுவிட்டால் மனத்தாங்கல் வருமே என்ற பயத்தில் அக்கா அதில் மேலும் பத்துப் பேரைச் சேர்த்திருந்தார். கேன்டீன் காண்ட்ராக்டர், பூசாரி, பந்தல் போடுகிறவர், மைக் செட்காரர் வரைக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குரல்தான் தாங்கவில்லை. தேர்தல் மேடையில் கேட்ட குரலை எடுத்துத் தன் தொண்டையில் மாட்டிக்கொண்டது போல இருந்தது. ‘வீற்றிருக்கும்’ என்றார். ‘இத்தருணத்திலே’ என்றார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் இந்த அம்மாள் பேசினால் பக்கத்து மேஜைக்காரர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். அந்த ஆளை இங்கே காணவில்லை.

நான் செய்தது இதுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு முழுத்தாளில் தவறுகளை எண் போட்டு எழுதினேன். முப்பத்து நான்கு வந்தது. ஒன்று, ஆரம்பத்தில் இருமல். இரண்டு, ‘அவர்களே’ இருபத்தொன்பது. ஏழு, இடது கை முந்தானையைத் திருகுகிறது. மொத்தம் பன்னிரண்டு முறை. பத்தொன்பது, மூச்சு. இருபத்தாறு, கண் கூரையைப் பார்க்கிறது. இப்படி. ஒன்றைக்கூட விட்டுவிடவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை கேட்டில் அவர் கார்டு போடும்போது அந்தத் தாளைக் கொடுத்தேன்.

நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். நான்காக மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டார். “சரி சார்” என்றார்.

அன்றைக்கு இரண்டரைக்கு பேக்கிங் அறைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் இரண்டு நாளும் பெட்டிகளுக்கு நடுவே இருபது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். நன்றியுரையை அக்கா மெஷின் ஷாப்பில் ஒருவருக்குக் கொடுத்துவிடப் போவதாக ஒருவர் சொன்னார். அந்த ஆள் வருஷா வருஷம் டைரக்டரின் பரம்பரையைப் பாராட்டுகிறவர். பஸ்ஸைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நான் எழுதியதில் எது பொய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் பொய்யில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவரே ஆள் அனுப்பினார். காயில் பகுதிக்குப் போனேன். சேர்ந்து மூன்று வாரமான ஒரு பெண் கைமெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் சுற்றிய காயிலில் ஏதோ கோளாறு. கண்ணில் தண்ணீர் நின்றது.

“சார், கொஞ்சம் நின்னு பாருங்க” என்றார் அக்கா. அந்தக் காயிலைக் கையில் எடுத்து, விரல் நகத்தால் கம்பி வரிசையை மேலிருந்து தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இது வரைக்கும் நல்லா சுத்திக்கினு வந்துருக்கே. நூத்திப்பத்து சுத்து இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறல. இங்கதான் ஏறிச்சு. பாத்தியா? இந்த நேரத்துல இன்னா பண்ணே?”

“தும்மினேங்கா.”

“தும்மு. கைய நிறுத்திட்டுத் தும்மு. இப்ப இந்த எடம் வரைக்கும் பிரி, போதும்.”

அந்தப் பெண் பிரிக்க ஆரம்பித்தாள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஏறினதுக்கு அப்புறம் எத்தினி சுத்து கோணலா போயிருக்கும்னு நெனைக்கிறீங்க? நாப்பது இருக்கும். நாப்பதும் தப்புன்னு இந்தப் பொண்ணாண்ட எண்ணிச் சொன்னா நாளைக்கி வேலைக்கே வராது. தப்பு ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் அது மேல ஏறிக்கினு வர்றது. முழுக்கப் பிரிச்சிப் போட்டாலும் நல்ல கம்பியில இருக்கற பூச்சு உரிஞ்சிடும். அதுவும் கெட்டுப்பூடும்.”

டிபன் பையிலிருந்து என் தாளை எடுத்தார். மடிப்புகளில் குழம்புக் கறை.

“தப்பு எத்தினின்னு எழுதிட்டீங்க. எங்க ஆரம்பிச்சுதுன்னு எழுதல. அத மட்டும் சொல்லுங்க, நான் பிரிச்சிக்கறேன்.”

நான் டைம் ஆபீஸில் பதினாறு வருஷம் எண்ணியவன். எண்ணுவதற்கும் கண்டுபிடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று அன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் என்னை அந்தப் பெண்ணைப் போலவே நடத்தினார் என்பதும், என் தாளில் நூற்றுப்பத்துச் சுற்று சரியாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார் என்பதும் வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு அவர் உட்காரும் மேஜைக்குப் போனேன். முந்தின வருஷத்து மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கால் மட்டும் வரும் என்று.

“பதினாலு பொம்பளைங்க. இருபத்தெட்டு செருப்பு இருக்கணுமா? சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்புல நின்னு நான் எண்ணிப் பாத்தேன். இருபத்தி மூணு. இவங்க இன்னாடான்னா வலது கால் ஒண்ணு, அவங்களாண்ட எடது கால் ஒண்ணு. ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சா ஒரு ஆளு.”

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். கூரையை ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை. முந்தானை சும்மா கிடந்தது. இருமல் இல்லை. என் முப்பத்து நான்கில் ஒன்றுகூட அங்கே இல்லை.

இரண்டரைக்கு பேக்கிங் அறையில் சொன்னேன்: “அக்கா, தப்பு முதல் ‘அவர்களே’யில் ஆரம்பிக்கிறது. அந்த வார்த்தையைச் சொன்னதும் நீங்கள் வேறு ஆளாகிவிடுகிறீர்கள். அதற்கு முன்னால் ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று சொன்னீர்களே, அது வரைக்கும் உங்கள் குரல்தான்.”

“அப்போ ஆரம்பத்துலயே பிரிக்கணும்.”

“ஆமாம்.”

“பேரு சொல்லாம எப்டி சார்? லிஸ்ட்டு குடுத்துருக்காரே.”

“லிஸ்ட்டில் உள்ள பத்தொன்பது பெயரை மட்டும் சொல்லுங்கள். கூப்பிடாதீர்கள். நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.”

இன்னொரு கவலையையும் அன்றைக்குச் சொன்னேன். நன்றியுரை ஆரம்பித்தாலே ஜனங்கள் எழுந்துவிடுவார்கள். பொரிப் பொட்டலமும் ஸ்வீட்டும் கொடுக்கிற மேஜை பந்தலின் பின்பக்கம். போன மூன்று வருஷமும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பெயருக்குள் அறுபது பேராவது எழுந்து நிற்பார்கள், ஆறாவது பெயருக்கு மேடைக்காரர்களே எழுந்துவிடுவார்கள். பட்டியலில் முதல் பெயர் டைரக்டர். அவருக்கு நன்றி சொன்ன கையோடு பஸ்ஸைக் கேட்டுவிட வேண்டும், மற்ற பதினெட்டையும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

“செருப்புக் கதையைச் சொல்லுங்கள்” என்றேன்.

அக்கா முகம் மாறிவிட்டது. “பூஜை மேடையில போய் செருப்பா? நல்லா இருக்குது. பூசாரி பூசணிக்காய எம் மேல உடைப்பாரு.”

“அதைச் சொன்னால்தான் புரியும் அக்கா.”

“பொரி வெச்சு கும்புடற எடத்துல செருப்பப் பத்திப் பேசினா, பஸ் கேட்டது யாருக்கும் ஞாபகம் இருக்காது சார். செருப்பப் பத்திப் பேசினா பாரு, அதான் இருக்கும்.”

அவர் சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி என்று எனக்குத் தோன்றியது. மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. முன்பானால் காரணங்களை எண் போட்டு எழுதிக் கொடுத்திருப்பேன். அடுத்த நாட்களில் அவர் வேறு மாதிரி பேசிப் பார்த்தார்: மழை, சேறு, லேட் என்று. குரல் அவருடையதாகவே இருந்தது. ஆனால் மனு மாதிரி இருந்தது. “பாக்கலாம் சார்” என்று பாபினைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போவார்.

எனக்குக் கையில் ஒரு வேலை வேண்டியிருந்தது. பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு அக்காவின் ஊருக்குள் போய்ப் பார்க்கச் சொல்லி பஸ் டிரைவரைக் கேட்டேன். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். “வண்டி போயிரும் சார், திருப்புறதுதான்” என்றார். மாதா கோயில் முன்னால் பஸ்ஸைத் திருப்ப இடம் இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து போய்த் திரும்பி மெயின் ரோடு சேரப் பதின்மூன்று நிமிடம். நம்பாமல் இன்னொரு தடவை போகச் சொன்னேன். டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கும் பதின்மூன்றுதான். அக்காவிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பேன்.

பூஜையன்று காலையில் மேகமாக இருந்தது. பந்தல் ஒழுகுமோ, ஃப்யூஸ் போகுமோ, டைரக்டர் வராமல் இருந்துவிடுவாரோ என்று எனக்கு ஒவ்வொன்றாகக் கவலை. அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு இந்தப் பக்கத்தில் மைக் கட்டுவதென்றாலே எல்லோரும் யோசித்தார்கள். கூம்பு வேண்டாம் என்று இரண்டு பெட்டி ஸ்பீக்கர் மட்டும் வைத்திருந்தார்கள். டைரக்டர் பத்தரைக்கு வந்தார். பூஜை முடிந்தது. நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் சேர்ந்து நாற்பத்தெட்டு ‘அவர்களே’. பிறகு பர்சனல் ஆபீசர் நன்றியுரைக்கு அக்காவைக் கூப்பிட்டார். பின் வரிசைகளில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அக்கா மைக்கின் முன்னால் வந்து நின்றார். முந்தானை சும்மா இருந்தது. ஒரு விநாடி குனிந்து தன் காலைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பேச்சை மறந்துவிட்டாரோ என்று வாட்சைப் பார்த்தேன்.

“எல்லாருக்கும் வணக்கம். டைரக்டர் ஐயா மெட்ராஸ்லேர்ந்து இம்மாந்தூரம் வந்துருக்கீங்க, நன்றி. இன்னிக்கி பூஜை. ஐயாவும் செருப்ப கீழ வுட்டுட்டுத்தான் மேடை ஏறினீங்க. நாங்க எல்லாரும் பந்தலுக்கு வெளிய வுட்டுட்டு வந்துருக்கோம். போவும்போது ஆளுக்கு ரெண்டு அங்க இருக்கும்னு தெரியும். அதனால நிம்மதியா ஒக்காந்துகினு கீறோம்.”

ஜனங்கள் சிரித்தார்கள். டைரக்டர் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார். எழுந்தவர்களில் சிலர் உட்கார்ந்தார்கள்.

“எங்க ஊர்லேர்ந்து போன மழையில பதினாலு பேரு வேலைக்கி வந்தோம். இருபத்தெட்டு செருப்பு. சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்புல எண்ணினா இருபத்தி மூணு. அஞ்சு இன்னும் ஏரிக்கரையிலயே கீது.”

பெரிய சிரிப்பு. அவர் காத்திருந்தார். எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கி, ஆனால் முழுக்க அடங்குவதற்குள் அடுத்த வார்த்தையை வைத்தார்.

“நாங்களும் சிரிச்சோம். ஆனா நின்னு தேடினா பஸ்ஸு போயிடும் ஐயா. பஸ்ஸு போனா லேட்டு. அந்தப் பதினாலுல மூணு பேரு இப்ப வேலையில இல்ல. இந்த மழைக்கி மூணு லேட்டு ஆனா பேரே இருக்காதுன்னு போர்டுல கீது. எங்க ஊர்ல பத்து பேரு டெம்பரவரி. அவங்க நின்னுட்டா நான் ஒருத்தி இருட்டுல வர முடியாது. பதிமூணு வருசமா வர்றேன், எனக்கும் இதான் கடைசி மழை. பஸ்ஸு எங்க ஊரு மாதா கோயில் வரைக்கும் வந்து திரும்பணும். அவ்ளோதான் ஐயா கேக்கறேன்.”

உடனே அடுத்த பெயருக்குப் போனார். பதினெட்டுப் பேருக்கும் வரிசையாக நன்றி, ஒரு ‘அவர்களே’கூட இல்லாமல். பஸ்ஸைப் பற்றிய பகுதி ஒரு நிமிடம் முப்பத்தைந்து விநாடி. முப்பத்தெட்டாகவும் இருக்கலாம், வாட்சை நிறுத்த எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் எழுந்து நின்றவர்களை நான் நன்றாகவே எண்ணினேன். மூன்றாவது பெயரில் நான்கு பேர். ஆறாவது பெயரில் அதே நான்கு பேர்.

பூஜை மேடையில் செருப்பைப் பேசக்கூடாது என்று சொன்னவர், எல்லோரும் செருப்பை வெளியே விட்டிருப்பதை வைத்தே அதற்கு வாசல் திறந்துகொண்டார். நான் கதையைச் சொல்லுங்கள் என்றேனே தவிர, எந்த வழியாக நுழைவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டுவிட்டேன். அந்த அளவுக்கு இடத்தையும் நேரத்தையும் பார்த்து வைத்த ஒரு வாக்கியத்தை இன்னொரு தடவை கேட்டதில்லை.

டைரக்டர் எழுந்து பர்சனல் ஆபீசரிடம் கேட்டார், மைக்கில் எல்லோர் காதிலும் விழுந்தது. “உள்ள போய்ட்டு வர எவ்வளவு நேரம் கூடும்?”

“சுமார் அரை மணி ஆகும் சார்” என்றார் பர்சனல் ஆபீசர். அவர் கெட்டவர் இல்லை. அளந்து பார்க்காதவர், அவ்வளவுதான்.

அரை மணி என்றால் கதை முடிந்தது. டைரக்டர் தலையை ஆட்டி உட்காரப் போனார். அந்தப் பந்தலில் சரியான எண் தெரிந்தவன் நான். எழுந்தேன். பதின்மூன்று நிமிடம் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். இருநூறு தலை என் பக்கம் திரும்பியது. வாயைத் திறந்தேன்.

“மதிப்பிற்குரிய டைரக்டர் அவர்களே” என்று வந்தது. “மேடையில் வீற்றிருக்கும் பர்சனல் ஆபீசர் அவர்களே.” நிறுத்த முடியவில்லை. ஒருவரைச் சொல்லிவிட்டு இன்னொருவரை விடுவது எப்படி? “ஒர்க்ஸ் மேனேஜர் அவர்களே” என்றேன். அடுத்து யார் என்று தேடினேன்.

“சார், வாட்ச்சப் பாருங்க, ஷிப்ட்டு முடிஞ்சிரும்” என்று யாரோ சொன்னார்கள். பந்தல் முழுக்கச் சிரித்தது.

அக்கா மைக்கை விட்டு நகர்ந்திருக்கவில்லை. “பதிமூணு நிமிஷம் ஐயா” என்றார். “டைம் ஆபீஸ் சார் பஸ்ஸுல போயி ரெண்டு தபா வாட்ச் வெச்சுப் பாத்துட்டாரு. ரெண்டு தபாவும் பதிமூணு.”

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மட்டும் திராணி இருந்தது.

தாம்பரத்திலிருந்து வருகிறவர்கள்தான் பதின்மூன்று நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டியவர்கள். அவர்கள் என்ன சொல்வார்களோ என்று ஒரு பயம் இருந்தது. லேத் பகுதியிலிருந்து ஒரு குரல்: “பதிமூணு நிமிஷம்தானே. நான் பல்ல பஸ்ஸுல வெளக்கிக்கறேன்.”

“அப்ப நான் அந்தப் பஸ்ஸுல வரல” என்றது பக்கத்துக் குரல்.

டைரக்டரே சிரித்துவிட்டார். “தீபாவளி முடிஞ்சதும் ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. அது வரைக்கும் அந்த லேட் நோட்டீஸ் வேண்டாம்” என்றார். பர்சனல் ஆபீசர் எழுதிக்கொண்டார்.

எல்லோரும் பொரி மேஜைக்குப் போனார்கள். நான் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பந்தலுக்கு வெளியே வந்தபோது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கையில் இரண்டு பொரிப் பொட்டலம். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“அக்கா, நான்” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க எழுந்து நின்னீங்களே சார், அது வரைக்கும் சரி. நீங்க நிக்காட்டி அவரு ஒக்காந்துருப்பாரு. அதுக்கு அப்புறம் வந்ததுதான் பிரிக்கணும்.” பிறகு சொன்னார்: “எத்தினி ‘அவர்களே’ன்னு நான் எண்ணல.”

“மூன்று” என்றேன்.

“எண்ணிட்டீங்களா?” என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்.

தீபாவளி முடிந்து நான்காம் நாள் பஸ் உள்ளே போக ஆரம்பித்தது. அதற்கு அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. முதல் பெருமழையன்று பஸ் சேற்றில் சிக்கியிருக்குமோ, டிரைவர் உள்ளே திருப்பாமல் நேரே வந்திருப்பாரோ என்று நான் ஐந்தரைக்கே கேட்டில் குடையுடன் நின்றேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஹெட்லைட் தெரிந்தது. தாம்பரத்துக்காரர்கள் இறங்கினார்கள். பிறகு அந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் அக்கா. இறங்கும்போது என்னைப் பார்த்து, நான் எதைப் பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டு, புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

இருபத்திரண்டு.